துருக்கி இலக்கியத்தை ஆங்கிலத்தின் வழியே வாசிக்க: வரிசையும் முன்தயாரிப்பும்

ஓரான் பாமுக்கின் 'மை நேம் இஸ் ரெட்' நாவலை முதல் துருக்கி நூலாகக் கையில் எடுத்து, நூறு பக்கங்களுக்குள் மூடி வைத்துவிட்டவர்களை எங்கள் வாசிப்புக் குழுவில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். 1591ஆம் ஆண்டின் குளிர்காலம், நுண்ணோவியர்களின் பட்டறை, 59 அத்தியாயங்களில் மாறி மாறிப் பேசும் பிணமும் நாயும் மரமும் நாணயமும் என்று விரியும் அந்த நாவலுக்குள் நுழைவதற்கு முன் படித்திருக்க வேண்டிய நூல்கள் சில இருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு அதே நாவலுக்குத் திரும்பியவர்கள் தடையின்றிப் படித்து முடித்தார்கள். ஆகவே எதற்குப் பின் எதை எடுப்பது, ஒவ்வொன்றுக்கும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நூல்களைத் தேடி வாங்க உதவும் என்பதால் பெரும்பாலும் அவற்றின் ஆங்கிலத் தலைப்புகளையே தருகிறேன்.

1. ஒரே பக்கத்தில் ஆண்டுகளை எழுதி வைத்துக்கொள்ளுதல்

துருக்கி எழுத்தாளர்கள் தம் நாட்டு வாசகருக்காக எழுதியவர்கள். "அந்த செப்டம்பருக்குப் பிறகு" என்று ஒரு பாத்திரம் சொன்னால் எந்த செப்டம்பர் என்று அவர்கள் விளக்க மாட்டார்கள். பெரிய வரலாற்று நூல் எதையும் படிக்கத் தேவையில்லை. கீழ்க்காணும் ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி நூலுக்குள் செருகி வைத்துக்கொண்டால் போதும்.

1908இல் சுல்தானின் தனியாட்சியை எதிர்த்த இளந்துருக்கியர் புரட்சி. 1915இல் ஆர்மீனியர்கள் நாடு கடத்தப்பட்டதும் கொல்லப்பட்டதும். 1923இல் குடியரசு அறிவிப்பு. அதே ஆண்டின் லொசான் உடன்பாட்டின்படி கிரேக்கத்துடன் மக்கள் பரிமாற்றம். 1925இல் ஃபெஸ் குல்லாயை விலக்கி மேற்கத்தியத் தொப்பியைப் புகுத்திய தொப்பிச் சட்டம். 1926இன் தொடக்கத்தில் மேற்கத்திய நாட்காட்டியும் 24 மணி நேரக் கடிகாரமும். 1928இல் அரபு எழுத்திலிருந்து இலத்தீன் எழுத்துக்கு மாற்றம். 1934இல் குடும்பப்பெயர்ச் சட்டம். 1950இல் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் தேர்தல் வெற்றி. 1955 செப்டம்பர் 6, 7 நாட்களில் இஸ்தான்புல்லின் கிரேக்கர்கள் மீது நடந்த கும்பல் தாக்குதல். 1960 மே 27, 1971 மார்ச் 12, 1980 செப்டம்பர் 12 ஆகிய நாட்களில் இராணுவத்தின் தலையீடுகள்.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். நூலில் ஓர் ஆண்டு வரும்போதெல்லாம் தாளைப் பார்த்தால் மூன்றாவது நூலுக்குள் அது தானாகவே மனத்தில் பதிந்துவிடும். கூடவே ஒரு வரைபடத்தில் இஸ்தான்புல், அங்காரா, கோன்யா, அதானா, கார்ஸ் ஆகிய ஐந்து ஊர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுதல்

பெயரை ஒலிக்கத் தெரியாதவர்கள் அதன் முதல் எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு கடந்து செல்கிறார்கள். அதனால் பத்துப் பக்கத்துக்குள் இரு பாத்திரங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். அரை மணி நேரப் பயிற்சியில் இது தீர்ந்துவிடும்.

ஆங்கிலத்தின் 'ஸீ' எழுத்துக்குத் துருக்கி மொழியில் 'ஜ' ஒலி. அதன் அடியில் வால் இருந்தால் 'அச்சம்' என்பதில் வரும் சகரம். வால் உள்ள 'எஸ்' என்பது 'ஷ'. தலையில் பிறை போன்ற வளைவு உள்ள 'ஜீ' தனியாக ஒலிக்காது. முன்னுள்ள உயிரைச் சற்று நீட்டும். புள்ளியில்லாத 'ஐ' எழுத்து ஆங்கிலேயருக்குக் கடினம், நமக்கு எளிது: 'பாட்டு', 'காசு' ஆகிய சொற்களின் இறுதியில் இதழ் குவியாமல் ஒலிக்கும் குற்றியலுகரமே ஏறக்குறைய அந்த ஒலி.

சில ஆங்கிலப் பதிப்புகள் இந்தக் குறிகளை நீக்கி, ஒலிக்கேற்ப எழுத்துக்கூட்டி அச்சிடுகின்றன. யாஷார் கெமால், எலிஃப் ஷஃபாக் ஆகியோரின் பெயர்கள் ஆங்கில நூல்களில் ஒரு விதமாகவும் துருக்கி நூல்களில் வேறு விதமாகவும் இருப்பது இதனால்தான். நூலகப் பட்டியலிலும் கடைகளின் தளத்திலும் இரண்டு எழுத்துக்கூட்டலையும் தேடிப் பாருங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். 'பே', 'எஃபெந்தி', 'ஹானிம்', 'பாஷா', 'ஆகா' ஆகியவை குடும்பப்பெயர்கள் அல்ல. பெயருக்குப் பின் வரும் மதிப்புச் சொற்களும் பட்டங்களும் ஆகும். 1934க்கு முன் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. ஒரே நாவலில் மூன்று 'பே' வந்தால் அவர்கள் மூவரும் உறவினர் என்று எண்ணிக்கொண்டு, கதை முழுவதையும் தவறான குடும்ப மரத்தோடு படித்து முடித்த ஒரு நண்பரை எனக்குத் தெரியும்.

3. மொழிபெயர்ப்புதானா, யாருடைய மொழிபெயர்ப்பு என்று பார்த்தல்

வாங்குவதற்கு முன் பதிப்புரிமைப் பக்கத்தைத் திறந்து மூன்று செய்திகளைப் பாருங்கள்: மூல நூல் வெளிவந்த ஆண்டு, ஆங்கிலப் பதிப்பின் ஆண்டு, மொழிபெயர்ப்பாளரின் பெயர்.

முதல் இரண்டு ஆண்டுகளுக்கும் இடையிலுள்ள தொலைவு பெரிது. ஸபாஹத்தின் அலியின் 'மடோனா இன் எ ஃபர் கோட்' துருக்கியில் 1943இல் நூலாயிற்று. ஆங்கிலத்தில் பரவலான வாசகரை அடைந்ததோ 2016இல் வந்த பெங்குவின் பதிப்பின் மூலம். லெய்லா எர்பிலின் 'எ ஸ்ட்ரேஞ்ச் வுமன்' 1971இல் வந்தது. அதன் ஆங்கிலப் பதிப்பு 2022இல்தான் வந்தது. அட்டையின் புதுமையைப் பார்த்து இவற்றை இன்றைய நாவல்கள் என்று கொண்டால், எழுதிய காலத்தில் அவை எவ்வளவு துணிச்சலானவை என்பது கண்ணில் படாமல் போய்விடும்.

எல்லா நூலும் மொழிபெயர்ப்பும் அல்ல. எலிஃப் ஷஃபாக் 'தி ஃபார்ட்டி ரூல்ஸ் ஆஃப் லவ்' முதலிய பல நாவல்களை ஆங்கிலத்திலேயே எழுதியவர். ஹாலிதே எதிப் அதிவார் 'தி க்ளவுன் அண்ட் ஹிஸ் டாட்டர்' நாவலை 1935இல் முதலில் ஆங்கிலத்தில் வெளியிட்டு, பின்னர்த் துருக்கியில் தந்தார். (அதே 1935இல் அவர் தில்லி ஜாமியா மில்லியாவில் சொற்பொழிவாற்ற வந்தார், அந்தப் பயணத்தின் விளைவான 'இன்சைட் இந்தியா' 1937இல் வெளியானது. இந்திய விடுதலைப் போராட்டத்தைத் துருக்கிப் பெண் ஒருவரின் கண்வழியே காண விரும்புபவர்கள் அதைத் தேடிப் படிக்கலாம்.) ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல், வெளிநாட்டு வாசகருக்கு வேண்டிய விளக்கங்களைத் தன்னுள்ளேயே சுமந்து வருகிறது, மொழிபெயர்ப்பில் அது குறைவு. இரண்டையும் ஒரே எதிர்பார்ப்போடு அணுகினால் ஒன்று எளிதாகவும் மற்றது காரணமின்றிக் கடினமாகவும் தோன்றும்.

ஒரே நாவலுக்கு இரு மொழிபெயர்ப்புகள் இருப்பதும் உண்டு. பாமுக்கின் 'தி பிளாக் புக்' 1994இல் கியூனெலி கியூன் மொழிபெயர்ப்பிலும், 2006இல் மொரீன் ஃப்ரீலி மொழிபெயர்ப்பிலும் வந்தது. நாவலாசிரியர் அஹ்மத் ஹம்தி தன்பினாரின் 'தி டைம் ரெகுலேஷன் இன்ஸ்டிட்யூட்' முதலில் எந்தெர் கியூரோல் மொழிபெயர்ப்பிலும், பின்னர் மொரீன் ஃப்ரீலியும் அலெக்ஸாண்டர் டாவும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பிலும் கிடைக்கிறது. புதியவர்கள் பிந்தைய பதிப்புகளை எடுப்பது நலம். அவற்றின் வாக்கியங்கள் ஆங்கிலத்தில் தடையின்றி ஓடுகின்றன. ஆனால் குழுவாகப் படிக்கும்போது எல்லோரும் ஒரே பதிப்பை வைத்திருக்க வேண்டும். ஒரு முறை எங்களில் பாதிப் பேர் ஒரு பதிப்பையும் மீதிப் பேர் மற்றொன்றையும் கொண்டுவந்து, ஒரு மாலை முழுவதையும் பக்கங்களைத் தேடுவதிலேயே செலவிட்டோம்.

4. முதல் நூல்: குறைவான பாத்திரங்கள், குறைவான அரசியல்

'மடோனா இன் எ ஃபர் கோட்' நூலைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் தருகிறேன். 200 பக்கங்களுக்குள் முடிந்துவிடுகிறது; நினைவில் வைக்க வேண்டிய பாத்திரங்கள் மிகச் சிலர். அங்காராவில் ஜெர்மன் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்யும் ராயிஃப் எஃபெந்தி, தன் இளமையில் பெர்லினில் மரியா பூடர் என்ற ஓவியரைச் சந்தித்ததைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். கதையின் பெரும்பகுதி 1920களின் பெர்லினில் நடப்பதால், துருக்கியின் உள்நாட்டு நிகழ்வுகள் பற்றிய அறிவு அதிகம் தேவைப்படுவதில்லை.

இதைக் காதல் கதையாக மட்டும் படிப்பது பொதுவான தவறு. அங்காரா பகுதியை நிதானமாகப் படியுங்கள். அலுவலகத்தில் ராயிஃப் எஃபெந்தியை நடத்தும் விதம், வீட்டில் அவர் உழைப்பில் வாழ்பவர்களே அவரைப் பொருட்படுத்தாத விதம் ஆகியவற்றில்தான் புதிய குடியரசின் நடுத்தர வர்க்க வாழ்வு இருக்கிறது. நூலை முடித்த பிறகு ஸபாஹத்தின் அலி 1948இல் பல்கேரிய எல்லைக்கு அருகே கொல்லப்பட்டதை அறிந்துகொண்டு முதல் இருபது பக்கங்களை மறுபடியும் படித்துப் பாருங்கள்.

அடுத்ததாக ஸயித் ஃபாயிக் அபாஸியானிக்கின் சிறுகதைத் தொகுப்பான 'எ யூஸ்லெஸ் மேன்'. மீனவர்கள், தீவுவாசிகள், கிரேக்கர்கள், ஆர்மீனியர்கள், வேலையற்றுத் திரிபவர்கள் என்று இஸ்தான்புல்லின் பல இனத்து மக்கள் இதில் அருகருகே வாழ்கிறார்கள். இவர்களை அறிந்து நேசித்த பிறகுதான், பின்னால் வரும் நாவல்களில் 1955ஐப் பற்றிய ஒற்றை வரியின் கனம் தெரியும். நாளுக்கு ஒரு கதை போதும்.

5. ஆங்கிலத்துக்கு அடியிலுள்ள துருக்கியைக் கேட்கப் பழகுதல்

இந்தப் படிநிலையைப் பெரும்பாலோர் தாண்டிச் செல்கிறார்கள். எனக்கோ மற்ற எல்லாவற்றையும் விட இதுவே முக்கியம். ஆங்கிலம் நமக்கும் துருக்கிக்கும் நடுவில் நிற்கும் மூன்றாம் மொழி. ஒட்டுகளை அடுக்கிச் சொல்லாக்குவதும், வினையை வாக்கியத்தின் முடிவில் வைப்பதும் துருக்கிக்கும் தமிழுக்கும் பொதுவான இயல்புகள். இரு மொழிகளும் ஒரே குடும்பம் என்று இதனால் பொருளாகாது. ஆயினும் ஆங்கிலத்தில் தொலைந்த பலவற்றைத் தமிழ் வாசகர் தம் மொழியறிவைக் கொண்டே மீட்டெடுக்க முடியும்.

முதலாவது, கேள்விப்பட்டதைச் சொல்லும் வினை. துருக்கியில் 'கெல்தி' என்றால் வந்தான். பேசுபவர் கண்டு சொல்கிறார். 'கெல்மிஷ்' என்றால் வந்தானாம், அல்லது தடயத்தைப் பார்த்து உய்த்துணர்ந்து வந்திருக்கிறான். பாமுக் தம் 'இஸ்தான்புல்' நினைவுநூலின் தொடக்கத்திலேயே, கனவையும் கதையையும் நாம் பார்த்திராத பழைய நிகழ்ச்சிகளையும் சொல்ல உதவும் இந்த வினைவடிவத்தைப் பற்றிப் பேசுகிறார். ஆங்கிலத்தில் இதற்கு நேரான வடிவம் இல்லை. அதனால் மொழிபெயர்ப்பாளர் 'இட் சீம்ஸ்', 'தே சே' போன்ற தொடர்களைச் சேர்க்கிறார், அல்லது விட்டுவிடுகிறார். அப்படிப்பட்ட இடம் வந்தால் அந்த வாக்கியத்தை மனத்துக்குள் 'ஆம்' சேர்த்துத் தமிழில் சொல்லிப் பாருங்கள். துருக்கிப் பாட்டிகள் கதையைத் தொடங்கும் 'பிர் வர்மிஷ், பிர் யோக்முஷ்' என்ற தொடர் தமிழில் "ஒண்ணு இருந்துச்சாம், ஒண்ணு இல்லையாம்" என்று தடையின்றி வந்து நிற்கிறது.

இரண்டாவது, படர்க்கைப் பெயர். துருக்கியில் அவன், அவள், அது மூன்றுக்கும் 'ஓ' என்ற ஒரே சொல்தான். கவிதையில் காதலரின் பாலைச் சொல்லாமலே முழுப் பாட்டையும் பாடிவிடலாம். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருக்கிறது. ஒரு கவிதையில் 'ஷீ' என்று வந்தால் அது கவிஞரின் முடிவா, மொழிபெயர்ப்பாளரின் முடிவா என்று ஒரு கணம் நின்று கேளுங்கள்.

மூன்றாவது, உறவுச் சொற்கள். ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும் 'அம்ஜா' என்பவர் தந்தையின் உடன்பிறந்தவர். 'தாயி' என்பவர் தாய்மாமா. 'ஹாலா' என்றால் அத்தை. 'தெய்ஸே' என்றால் பெரியம்மா அல்லது சித்தி. நமக்கு இருப்பதைப் போலவே அவர்களுக்கும் இந்த வேறுபாடுகள் உண்டு. கடைக்காரரை 'ஆபி' என்றும், பேருந்தில் அருகே இருப்பவரை 'ஆப்லா' என்றும், வயதான பெண்ணைத் 'தெய்ஸே' என்றும் அழைப்பார்கள்; அதாவது அண்ணே, அக்கா, பெரியம்மா. ஆங்கில உரையாடலில் 'பிரதர்' என்று வந்ததும் உடன்பிறந்தவர் என்று முடிவு கட்டாதீர்கள். அதுபோலவே 'யூ' என்ற சொல்லுக்குள் 'சென்' என்ற நீயும் 'சிஸ்' என்ற நீங்களும் மறைந்து கிடக்கின்றன. ஒரு காதல் காட்சியில் நீங்கள் என்பது நீ ஆகும் தருணம் ஆங்கிலத்தில் ஓசையின்றிக் கடந்துவிடும்.

நான்காவது, வழக்கமான வாழ்த்துரைகள். வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடக்கும்போது 'கோலாய் கெல்சின்', அதாவது வேலை எளிதாக அமையட்டும் என்பார்கள். நோயாளியிடம் 'கெச்மிஷ் ஓல்சுன்': கடந்து போனதாகட்டும். சமைத்தவரிடம் 'எல்லெரினே சாலிக்': உன் கைகளுக்கு நலம் உண்டாகட்டும். இவை ஆங்கிலத்தில் விசித்திரமான கவித்துவ வாக்கியங்களாகத் தெரியும். பாத்திரம் உணர்ச்சிவசப்படுகிறது என்று எண்ண வேண்டாம். அன்றாடப் பேச்சு அது. அப்படிச் சொல்லாமல் விட்ட பாத்திரத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

ஐந்தாவது, சொற்களின் வயது. 1932இல் நிறுவப்பட்ட துருக்கி மொழிக் கழகம் அரபு, பாரசீகச் சொற்களை நீக்கிப் புதுச் சொற்களைப் பரப்பியது. பள்ளியைக் குறிக்கும் 'மெக்தெப்' போய் 'ஒகுல்' வந்தது. 1927இல் ஆறு நாட்கள் நீண்ட, குடியரசை நிறுவிய அத்தாதுர்க்கின் பேருரையையே பிற்காலத் தலைமுறைகளுக்காக இக்காலத் துருக்கியில் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. தனித்தமிழ் விவாதத்தை அறிந்த நமக்கு, ஓர் எழுத்தாளர் பழைய சொல்லைத் தெரிந்தெடுப்பதும் ஒரு நிலைப்பாடே என்பது விளங்கும். தன்பினாரின் நடையில் அந்தப் பழஞ்சொற்கள் நிறைந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் அவை சமமாகிவிடுகின்றன. மொழிபெயர்ப்பாளரின் முன்னுரையில் இதைப் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பயிற்சிக்காக, படித்த நூலிலிருந்து அரைப்பக்க உரையாடலைத் தமிழில் எழுதிப் பாருங்கள். யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று முடிவு செய்யும் போதே அந்தக் குடும்பத்தின் அமைப்பு புரிந்துவிடும்.

6. இஸ்தான்புல்லுக்கு முன் கிராமம்

நகர நாவல்களில் நடமாடுபவர்களில் பலர் கிராமத்திலிருந்து வந்தவர்கள். எங்கிருந்து, எதை விட்டு வந்தார்கள் என்று தெரியாமல் அவர்களைப் படித்தால் பின்னணியில் நகரும் நிழல்களாகவே எஞ்சுவார்கள். எனவே யாஷார் கெமாலை இங்கேயே படித்துவிட வேண்டும்.

'மெமெட், மை ஹாக்' 1955இல் வந்த நாவல். எட்வார்ட் ரொதித்தியின் ஆங்கிலம் 1961இல் வெளியானது. தோரோஸ் மலையடிவாரத்தில் ஐந்து ஊர்களை ஆளும் அப்தி ஆகாவை எதிர்த்து மலையேறும் இளைஞனின் கதை. துருக்கியில் இது நான்கு பாகம். இரண்டாம் பாகம் 'தே பர்ன் தி திஸில்ஸ்' என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் உண்டு. முதல் பாகம் தனியாகவே முழுமையானது; அதோடு நிறுத்திக்கொண்டு, அடுத்து 'தி விண்ட் ஃப்ரம் தி ப்ளெய்ன்' நாவலுக்குச் செல்லுங்கள். பருத்தி பறிக்கச் சுக்குரோவா சமவெளிக்கு ஒரு மலைக்கிராமமே நடந்து இறங்குகிறது. வழியில் குதிரை இறந்துபோக, அலி தன் முதிய தாய் மெரியெம்ஜேயைச் சுமந்து செல்ல வேண்டியதாகிறது. இதை எழுத்தாளரின் மனைவி தில்தா கெமால் மொழிபெயர்த்தார்.

இங்கே செய்யும் தவறு, முட்செடிகளையும் மண்ணின் மணத்தையும் வெயிலையும் விவரிக்கும் பத்திகளைத் தாண்டிச் செல்வது. யாஷார் கெமால் இளமையில் ஊர் ஊராகச் சென்று ஒப்பாரிப் பாடல்களைச் சேகரித்தவர். அவற்றின் தொகுப்பு 1943இல் வெளிவந்தது. அவருடைய வருணனைகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் பாட்டின் இயல்பைக் கொண்டவை. ஒரு பத்தியை உரக்கப் படித்துப் பாருங்கள். பிறகு எதையும் தாண்டத் தோன்றாது.

7. கிராமத்திலிருந்து நகரின் ஓரத்துக்கு

ஒரே இரவில் எழுப்பிய குடிசைக்குத் துருக்கியில் 'கெஜெகோந்து' என்று பெயர். இரவில் வந்திறங்கியது என்று பொருள். லத்தீஃபே தெக்கினின் 'பெர்ஜி கிறிஸ்டின்: டேல்ஸ் ஃப்ரம் தி கார்பேஜ் ஹில்ஸ்' குப்பைமேட்டில் இப்படி எழும் குடியிருப்பின் கதை. இடிப்பார்கள், மறுபடியும் கட்டுவார்கள். தனி நாயகரோ நேர்கோட்டுக் கதையோ இதில் இல்லை. நாட்டார் கதைசொல்லியின் குரல் முழுக் குடியிருப்பையும் பேசுகிறது. நாயகரைத் தேடிக்கொண்டே படிப்பவர்கள் சலித்துவிடுகிறார்கள். ஊரே பாத்திரம் என்று ஏற்றுக்கொண்டு படியுங்கள்.

அதை முடித்த கையோடு பாமுக்கின் 'எ ஸ்ட்ரேஞ்ச்னெஸ் இன் மை மைண்ட்'. கிராமத்திலிருந்து பன்னிரண்டு வயதில் தந்தையோடு வந்து, தயிரும் 'போசா' என்ற புளித்த தானியப் பானமும் தெருத்தெருவாக விற்கும் மெவ்லுத்தின் நாற்பதாண்டு வாழ்க்கை. குடும்ப மரமும் காலவரிசையும் நூலிலேயே உள்ளன. முதலில் அவற்றில் ஒரு கால் மணி நேரத்தைச் செலவிடுங்கள். பாமுக்கின் பெரிய நாவல்களுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசலை நான் அறியேன்.

8. தன்பினாரும், பாமுக்கின் மற்ற நூல்களும்

பாமுக்கின் 'இஸ்தான்புல்' நினைவுநூலை முதலில் படியுங்கள். 'ஹூசூன்' என்ற பொதுத் துயரத்தை அவர் விளக்குவதோடு, தமக்கு முன் அந்நகரை எழுதிய தன்பினார், கவிஞர் யாஹ்யா கெமால் முதலியோரையும் அறிமுகம் செய்கிறார். பின் தன்பினாரின் 'தி டைம் ரெகுலேஷன் இன்ஸ்டிட்யூட்'. தவறான நேரம் காட்டும் கடிகாரங்களுக்கு அபராதம் விதிக்கும் நிறுவனத்தைப் பற்றிய நாவல் அது. காலக்கோட்டில் 1926ஐ எழுதி வைத்தது இதற்காகத்தான்: சூரியன் மறையும் போது நாள் தொடங்கிய பழைய நேரக் கணக்கை அரசு ஒரே சட்டத்தால் மாற்றியது. அதை அறியாதவர்களுக்கு இந்நாவல் வெறும் கேலிக்கதையாகத் தோன்றும்.

அடுத்து 'தி ஒயிட் கேஸில்'. சிறியது, உஸ்மானியப் (ஓட்டோமான்) பேரரசின் காலத்துக்குப் பழக்கும். 'தி மியூசியம் ஆஃப் இன்னசன்ஸ்' படிக்கும்போது 1975இன் இஸ்தான்புல்லில் நிஷாந்தாஷி பகுதியின் மேல்தட்டுக் குடும்பங்களைக் கவனியுங்கள். கதையின் பொருட்களைக் கொண்ட உண்மையான அருங்காட்சியகம் 2012இல் அதே நகரின் சுக்கூர்ஜுமா பகுதியில் திறக்கப்பட்டது. 4,213 சிகரெட் துண்டுகள் அங்கே சுவரில் பொருத்தப்பட்டுள்ளன. நூலில் அச்சிட்டுள்ள நுழைவுச்சீட்டைக் காட்டினால் கட்டணம் இல்லை என்பதால், பயணம் செய்ய எண்ணுபவர்கள் பிரதியைப் பத்திரமாக வைத்திருக்கலாம்.

'ஸ்னோ' நாவலில் பனியால் துண்டிக்கப்பட்ட கார்ஸ் நகரில் நாடக மேடையிலேயே ஆட்சிக்கவிழ்ப்பு நடக்கிறது. இராணுவத் தலையீடுகளின் ஆண்டுகள் நினைவில் இருந்தால் அது மிகையாகத் தெரியாது. இவ்வளவுக்கும் பிறகு 'மை நேம் இஸ் ரெட்'. இறுதியாக 'தி பிளாக் புக்'. ஆங்கில வாசிப்பு களைப்பைத் தந்தால், பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு', 'பனி', 'இஸ்தான்புல்' ஆகியவை ஜி. குப்புசாமியின் தமிழாக்கத்தில் உள்ளன. இவை ஆங்கிலத்தின் வழியே வந்தவை என்பதை நினைவில் வைத்து, ஓர் அத்தியாயத்தையேனும் இரண்டிலும் ஒப்பிட்டுப் படிப்பது ஐந்தாம் படியின் பயிற்சிக்கு மிகவும் பயன்படும்.

9. பாமுக்கோடு நின்றுவிடாமல் இருக்க

2006இன் நோபல் பரிசுக்குப் பின் பலருக்குத் துருக்கி இலக்கியம் என்பது ஒருவரின் அலமாரியாகவே இருக்கிறது. அண்மையில்தான் ஆங்கிலத்துக்கு வந்த மூன்று பெண்களின் நூல்களை இந்த இடத்தில் படிக்க வேண்டும்.

செவ்கி சொய்ஸாலின் 'டான்' 1975இல் வந்தது. 1971க்குப் பிந்தைய இராணுவச் சட்டக் காலத்தில், அதானாவில் ஒரு வீட்டு விருந்துக்கிடையே காவலர்கள் நுழைகிறார்கள். நாவல் ஓர் இரவுக்குள் அடங்குகிறது. எழுத்தாளரும் சிறை சென்றவர், அதானாவில் கட்டாயமாகத் தங்க வைக்கப்பட்டவர். தெஸெர் ஓஸ்லூவின் 'கோல்ட் நைட்ஸ் ஆஃப் சைல்ட்ஹுட்' 1980இல் வந்த மெல்லிய நூல். மனநோய் மருத்துவமனை அனுபவங்கள் காலவரிசையின்றிக் கலந்து வருகின்றன. லெய்லா எர்பிலின் நூலை மூன்றாவதாக எடுங்கள். நடையால் மூன்றிலும் கடினமானது அதுவே. இவற்றை முன்பே கொடுத்துப் பார்த்தேன். காலக்கோடு பழகாதவர்களால் 'டான்' நாவலின் அச்சத்தை உணர முடியவில்லை.

10. கவிதையை ஓரான் வெலியிலிருந்து தொடங்குதல்

கவிதையென்றதும் பலர் ரூமியைக் கொண்டுவருகிறார்கள். கோன்யாவில் வாழ்ந்து 1273இல் மறைந்த ரூமி தம் கவிதைகளைப் பெரும்பாலும் பாரசீகத்தில் எழுதியவர். துருக்கியில் பாடிய பழங்கவி வேண்டுமெனில் யூனுஸ் எம்ரேயை நாடலாம்.

புதியவர்கள் ஓரான் வெலியின் சிறு கவிதைகளிலிருந்து தொடங்கினால் மொழிபெயர்ப்பில் இழப்பு குறைவு. அவர் யாப்பையும் அணியையும் வேண்டுமென்றே விலக்கியவர். காலில் ஆணி வந்து துன்பப்பட்ட சுலைமான் எஃபெந்தி என்ற சாதாரண மனிதருக்கு அவர் கல்லறைக் கவிதை எழுதியபோது இலக்கிய உலகம் கொதித்தது. மரபுக்கவிதையில் ஆணிக்கு இடம் இருந்ததே இல்லை.

பிறகு நாஸிம் ஹிக்மத்தின் சிறு கவிதைகள். அதன் பின்னரே அவருடைய 'ஹியூமன் லேண்ட்ஸ்கேப்ஸ் ஃப்ரம் மை கன்ட்ரி'. ராண்டி பிளேசிங், முட்லு கோனுக் இருவரின் மொழிபெயர்ப்பு இதற்கு உண்டு. சிறையிலிருந்து எழுதிய இந்தச் செய்யுள் நாவல் 1941 வசந்தத்தில் இஸ்தான்புல்லின் ஹைதர்பாஷா ரயில் நிலையப் படிக்கட்டில் தொடங்கி, ரயிலில் ஏறி துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவுக்குள் செல்கிறது. முதல் படியில் குறித்து வைத்த வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிலையத்தையும் குறித்தபடி ஒரே அமர்வில் முதல் பகுதியை முடித்துவிடுங்கள்.